கண் காத்த கதை

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மை என்பர் நம் முன்னோர். அத்தலையிலும் முதன்மை பெற்ற உறுப்பு யாதென வினவின், கண் என்றே எவரும் விடை பகர்வர். பெற்ற பிள்ளையைக் கண்ணே என்று அழைக்கிறோம். அருமையாகப் பேணுவதைக் கண்போலக் காத்தல் என்கிறோம். பிறர் துயர்க்கு இரங்கும் பண்பிற்கும் கண்ணோட்டம் என்றே பெயரிட்டோம். மொழியில் இத்துணைச் சிறப்பளித்த நாம், அக்கண்ணில் ஒரு துரும்பு பட்டுவிட்டால் செய்வது யாது? கசக்குகிறோம், ஊதச் சொல்கிறோம், தாய்ப்பால் விடுகிறோம், அடுத்த கடையில் ஏதேனும் ஒரு சொட்டு மருந்து வாங்குகிறோம். "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று படுத்துறங்குகிறோம். விடிந்த பின் கண் சிவந்து, மறுநாள் வெண்புள்ளி தோன்றி, வாரம் ஒன்று கழிந்தபின் மருத்துவரை நாடுகிறோம். அதற்குள் கருவிழி வெந்து போயிருக்கும்.

கண்ணில் காயம் பட்ட நேரத்திற்கும் உரிய மருத்துவம் கிடைத்த நேரத்திற்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்தது என்பதே, பெரும்பாலும், பார்வை நிற்குமா போகுமா என்பதை முடிவு செய்கிறது. இவ்வுண்மையை மக்கள் உலகம் எங்ஙனம் படிப்படியாக அறிந்தது, அதில் தமிழகம் ஆற்றிய பங்கு யாது, குண்டலுபேட்டை போன்ற எல்லைப்புற ஊர்களில் வாழும் நமக்கு அது உணர்த்துவது யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப்புற ஊர்

மைசூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது குண்டலுபேட்டை. முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997ஆம் ஆண்டில் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் இணைந்தது. கன்னடம், தமிழ், மலையாளம் ஆகிய மூன்று மொழியாரும் சந்திக்கும் சாலைச் சந்தி இது. ஒரு சாலை பந்திப்பூர்க் காட்டைக் கடந்து உதகைக்குச் செல்லும். மற்றொன்று வயநாட்டின் வழியே கோழிக்கோட்டை அடையும். 11ஆம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி சோழர் ஆட்சியில் கங்கபாடியின் பகுதியாக விளங்கியதற்குச் சுற்றுப்புறத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் சான்று பகர்கின்றன. அண்டையிலுள்ள கொள்ளேகால், 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. எனவே தமிழர் இங்கே நேற்று வந்த விருந்தினர் அல்லர்.

இவ்வூரின் வயல்களைக் காணாதவர் கண் பெற்ற பயனை முற்றும் பெற்றவர் ஆகார். மழைக்காலத்தில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் சாலையின் இருமருங்கும் பொன்விரித்தாற்போல் பூத்து நிற்கும். இச்செண்டுமல்லிப் பூவிலிருந்து லூட்டீன் என்னும் மஞ்சள் நிறப்பொருள் பிரித்தெடுக்கப்படுகிறது. நம் கண்ணின் விழித்திரையில், கூர்ந்து பார்க்கும் இடமாகிய மஞ்சள் புள்ளிக்கு நிறந்தரும் பொருள்களுள் அதுவும் ஒன்று. கண்ணுக்கு உரிய பொருளை உலகிற்கு விளைவித்துத் தரும் ஊர், தன் உழவர் கண்களைக் காப்பதிலும் கருத்தூன்ற வேண்டும் அன்றோ?

ஏனெனில், இவ்வயல்களிலேயே கண்ணுக்குக் கேடும் பதுங்கியிருக்கிறது. கரும்புத் தோகையின் விளிம்பு வாள்போன்றது. கதிரடிக்கும்போது தெறிக்கும் உமி, மஞ்சள் தோட்டத்துச் சருகு, மாட்டின் வால் வீச்சு, முள்வேலிக் கிளை ஆகிய ஒவ்வொன்றும் கருவிழியைக் கீறவல்லது. கல் குவாரிகளில் உளியும் சம்மட்டியும் மோதும்போது தெறிக்கும் இரும்புப் பொடியோ அதனினும் கொடியது. உழைத்து உண்ணும் எளியவர்க்கே இக்கேடு மிகுதியும் நேர்கிறது என்பதை நினைவிற் கொள்க.

முன்னோர் அறிந்தவை

கண்ணில் அடிபடுதல் புதிய நோயன்று. வடமொழியில் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலின் உத்தர தந்திரத்தில், கண்ணில் நேரும் காயங்களுக்கென்றே ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் நாகமுனி நயன விதி போன்ற நூல்கள் கண்நோய்களைத் தொண்ணூற்றாறு எனப் பகுத்து ஆராய்ந்தன. கண்ணைப் பறிகொடுத்தவனின் துயரும், கண்ணைக் கொடுத்தவனின் பெருமையும் நம் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தமைக்குக் கண்ணப்ப நாயனார் வரலாறே போதிய சான்று. இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்ட வேடர், பச்சிலை தேடி ஓடினார். பயன்படவில்லை எனக் கண்டதும் தம் கண்ணையே தோண்டி அப்பினார். புராணமாயினும், காயம் கண்ட அக்கணமே மருந்து தேடி ஓடிய அவருடைய விரைவு நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) கண் மருத்துவத்தில் பேரார்வம் காட்டினார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்து, நம் நாட்டு முறையையும் மேனாட்டு முறையையும் ஒருங்கே ஆராயச் செய்தார். நோயாளரின் கண்களை வண்ண ஓவியமாகத் தீட்டி, நோயின் நிலையையும் அளித்த சிகிச்சையையும் குறித்து வைத்த ஏடுகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் போற்றிக் காக்கப்பட்டு வருகின்றன. ஒளிப்படக் கருவி தோன்றாத காலத்தில், நோயுற்ற கண்ணைப் பார்த்தவாறே பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் அரசர் எண்ணியது வியப்பிற்குரியது. நோக்கிக் குறித்து வைத்தலே மருத்துவ அறிவின் முதற்படி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயினும் அக்காலத்து மருத்துவம் கண் காயத்தின் முன் பெரும்பாலும் கைகட்டி நின்றது. இதற்குப் பிரான்சு நாட்டில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டலாம். 1812ஆம் ஆண்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் விளையாடிய மூன்று வயதுச் சிறுவனின் கண்ணில் குத்தூசி பாய்ந்தது. காயப்பட்ட கண் சீழ்ப்பிடித்தது. சிறிது காலத்தில் மற்றக் கண்ணும் கெட்டது. ஐந்து வயதிற்குள் அவன் முற்றும் பார்வையிழந்தான். அச்சிறுவனே பின்னாளில் பார்வையற்றோர்க்குப் புள்ளி எழுத்தை அளித்த லூயி பிரெயில் ஆவார். ஒரு கண்ணில் ஆழக் காயம் பட்டால், பழுதற்ற மறு கண்ணும் சில வேளைகளில் அழற்சியுற்றுக் கெடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர் தெளிவாக விளக்கினர். இது மிக அரிதாகவே நேர்வது. எனினும், "ஒரு கண்தானே போயிற்று, மற்றொன்று இருக்கிறதே" என்று வாளா இருப்போர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

சென்னையில் தோன்றிய கண் மருத்துவமனை

1819ஆம் ஆண்டு தமிழகக் கண் மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் கண்ணுக்கென்று தனி மருத்துவமனை ஒன்றை நிறுவினர். இலண்டன் மூர்ஃபீல்ட்சு கண் மருத்துவமனை 1805இல் தோன்றியது; பதினான்கு ஆண்டுகளில் அத்தகைய நிலையம் சென்னைக்கும் கிட்டியது. மருத்துவர் இராபர்ட் ரிச்சர்ட்சன் அதன் முதல் தலைவரானார். பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அம்மருத்துவமனை, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இன்றளவும் தொண்டாற்றி வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக விளங்கிய இராபர்ட் என்றி எலியட், ஊர் ஊராகச் சென்று ஊசியால் கண்புரையைக் குத்தித் தள்ளிய நாட்டு வைத்தியர்களின் முறையை விரிவாக ஆராய்ந்து தனி நூலே எழுதினார். தூய்மை செய்யாத ஊசியால் குத்துண்ட கண், பார்வை பெறுவதற்கு மாறாகக் காயமுற்றுச் சீழ்ப்பிடித்து அழிந்த நிகழ்ச்சிகள் அந்நூலில் நிரம்ப உள. கருவி கூர்மையாக இருந்தால் போதாது, தூய்மையாகவும் இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை எண்ணற்ற கண்களை விலையாகக் கொடுத்தே மக்கள் கற்றனர்.

மேனாட்டில் இதற்கிடையே பல கதவுகள் திறந்தன. 1851இல் செருமானிய அறிஞர் எல்ம்ஃகோல்ட்சு, கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்தார். 1871இல் பேயர் என்பார் ஃபுளோரசீன் என்னும் சாயத்தைக் கண்டறிந்தார். கருவிழியில் கீறல் இருப்பின், இச்சாயம் பட்ட இடம் நீல ஒளியில் பச்சை நிறமாய் மின்னும். வெறுங்கண்ணுக்குத் தோன்றாத கீறலும் அதனால் புலனாகும். 1879இல் இர்ஃச்பெர்க் என்னும் மருத்துவர் கண்ணுள் புகுந்த இரும்புத் துணுக்கை மின்காந்தத்தால் வெளியே இழுத்தார். 1884இல் கார்ல் கோலர் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கண்டார். அதற்கு முன் கண்ணில் கத்தி வைக்கப்பட்டோர் பட்ட வேதனையை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

மைசூர் நாடும் பின்தங்கவில்லை. பெங்களூரில் 1896இல் தொடங்கிய கண் மருத்துவ நிலையம், 1913இல் மின்டோ பிரபுவின் பெயர் தாங்கிய பெருங்கட்டடத்திற் குடியேறியது. தீபாவளி தோறும் வெடியால் கண் இழக்கும் நிலையில் கொண்டுவரப்படும் சிறுவர்க்கு இன்றும் அது புகலிடமாக விளங்குகிறது. சென்னையில் 1945இல் கண் வங்கி தோன்றியது. 1948இல் மருத்துவர் முத்தையா கருவிழி மாற்று அறுவை செய்து வழிகாட்டினார். காயத்தால் வெண்மை படர்ந்த கருவிழியை நீக்கி, இறந்தவர் ஈந்த தெளிந்த கருவிழியைப் பொருத்தும் இம்முறையால், இருண்ட வீடுகள் பல ஒளி பெற்றன. கருநாடகச் சிற்றூர்களிலெல்லாம் முகாம் அமைத்துக் கண்புரை நீக்கிய மருத்துவர் எம்.சி. மோடியின் (1916–2005) தொண்டையும் இங்கே நன்றியுடன் நினைத்தல் தகும்.

போர்க்களம் தந்த பாடம்

நிற்க. கண் காயத்திலிருந்தே உலகம் ஒரு பெரும் நன்மையைப் பெற்ற கதை ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், பிரித்தானிய விமானி கிளீவரின் விமானம் சுடப்பட்டது. விமானத்தின் மேற்கூரை பெர்சுபெக்சு என்னும் கண்ணாடி போன்ற பொருளால் ஆனது. அதன் சில்லுகள் அவருடைய கண்களில் பாய்ந்தன. அவருக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரான அரால்டு ரிட்லி ஒரு புதுமையைக் கண்டார். இரும்போ மரமோ கண்ணுள் தங்கினால் அழற்சி உண்டாகும். இச்சில்லுகளோ ஆண்டுக்கணக்கில் கண்ணுள் கிடந்தும் தீங்கு செய்யவில்லை. அங்ஙனமாயின், புரை நீக்கிய கண்ணில் இப்பொருளால் வில்லை செய்து பொருத்தினால் என்ன? இவ்வெண்ணம் 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செயலாயிற்று.

அவ்வில்லை பல்லாண்டு காலம் செல்வர்க்கே உரியதாய் இருந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்த பெருமகன் அவர். அந்நிறுவனத்தின் சார்பில் 1992இல் தோன்றிய ஆரோலேப் தொழிலகம், கண் வில்லைகளை மதுரையிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலையில் வழங்கியது. போர்க்களத்தில் ஒருவர் கண்ணிற் பாய்ந்த சில்லு, ஏறத்தாழ அரை நூற்றாண்டில் மதுரையில் ஏழை உழவனின் கண்ணுக்கு ஒளியாய் மாறிய விந்தையை என்னென்பது!

மதுரை கண்ட உண்மை

இனி, நம் வயல்களுக்கு நேரே பொருந்தும் செய்திக்கு வருவோம். மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டில் கருவிழிப் புண் எத்துணைப் பேருக்கு நேர்ந்தது என்று ஆராய்ந்தனர். இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 113 பேர் எனத் தெரிந்தது. அமெரிக்க நாட்டில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட, இது பத்து மடங்கு. அடுத்து, 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்களில் அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூவரில் இருவர்க்கு அண்மையில் கண்ணில் காயம் பட்டிருந்தது. புண்ணில் வளர்ந்திருந்த கிருமிகளில் ஏறத்தாழப் பாதி பூஞ்சைக் காளான் இனம். வயலில் மட்கும் இலைதழைகளில் வாழும் அக்காளான், கீறல் வழியே கருவிழிக்குள் வேர்விடுகிறது. நாற்பது வயதிற்கு மேற்பட்ட 5150 தென்தமிழக மக்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், நூற்றுக்கு நாலரைப் பேர் கண்ணில் காயம் பட்டவர் எனத் தெரிந்தது. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு உழவு வேலையில் நேர்ந்த காயம் அது.

காயம் பட்டோரெல்லாம் புண் பெறுவதில்லை. அங்ஙனமாயின், கீறலுக்கும் புண்ணுக்கும் இடையே உள்ள வாயிலை அடைத்துவிட இயலாதா? இவ்வினாவிற்கு முதல் விடை நேபாளத்துப் பக்தபூரிலிருந்து வந்தது. 2001இல் வெளிவந்த அவ்வாய்வில், கருவிழி கீறப்பட்டு இரண்டு நாள்களுக்குள் வந்த 442 பேருக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள்கள் இட்டனர். பதினெட்டு மணி நேரத்திற்குள் வந்தோர் 284 பேர்; அவருள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு மணிக்குள் வந்த 109 பேரில் நால்வர்க்குப் புண் தோன்றியது. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரிலோ பதினால்வர்க்குப் புண்! அன்பர்களே, இம்மூன்று எண்களையும் மீண்டும் ஒருமுறை நோக்குமின். மருந்து ஒன்றே, நோய் ஒன்றே, வேறுபட்டது காலம் மட்டுமே.

இதே முறையை மதுரை மாவட்டச் சிற்றூர்களில் மருத்துவர் சீனிவாசனும் துணைவரும் செய்து பார்த்தனர். ஏறத்தாழ 48,000 மக்கள் வாழும் ஊர்களில் பதினைந்து ஊர்ச் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சி அளித்தனர். சாயமிட்டுக் கீறலைக் கண்டறிதல், களிம்பிடுதல், ஐயமெனில் மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகிய மூன்றே அவர்தம் பணி. பதினெட்டுத் திங்களில் 374 கீறல்களைக் கண்டறிந்தனர். மருந்திடப்பெற்ற கண்கள் புண்ணின்றி ஆறின. 2006இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆயினும் நடுநிலையோடு மற்றொன்றையும் கூறல் வேண்டும். நேபாளத்தில் பின்னர் மிகப் பெரிய அளவில் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தபோது, ஊர்ப் பணியாளர் இருந்த ஊர்களில் புண் குறைந்தது எனத் தெளிவாகக் காட்ட இயலவில்லை. பணியாளரை அமர்த்துவதால் மட்டும் பயன் விளைந்துவிடாது. காயம் பட்டவர் அன்றே அவரிடம் செல்ல வேண்டும் என்பதே யாம் இதிலிருந்து கொள்ளும் பொருள்.

புண் உண்டான பின்னும் மருந்தில்லாமல் இல்லை. 1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்து கண்டெடுத்த நேட்டாமைசின் என்னும் மருந்தே காளான் புண்ணுக்குச் சிறந்தது என்பதைத் தென்னிந்திய மருத்துவமனைகளில் 323 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2013இல் நிலைநாட்டியது. எனினும் ஆறிய புண் தழும்பை விடும். தழும்பு பார்வையை மறைக்கும். வருமுன் காத்தலே அறிவுடைமை.

காயத்தை அறிவது எங்ஙனம்?

கண் காயங்களை மருத்துவர் இரு பெரும் பிரிவாகப் பகுப்பர். கண்ணின் சுவர் கிழியாதது ஒன்று. கிழிந்து திறந்தது மற்றொன்று. இரண்டாவது வகை, நொடிப்பொழுதும் தாழ்க்கலாகாத பேரிடராகும். நம்போன்ற பொதுமக்கள் அதனை அறியும் குறிகள் சில உள.

பார்வை திடீரெனக் குறைந்தோ மறைந்தோ போதல். கண்ணின் நடுவேயுள்ள பாவை வட்டம் நீங்கி நீர்த்துளி வடிவாக ஒருபுறம் இழுபட்டுத் தோன்றுதல். கருவிழிக்குப் பின்னே குருதி தேங்கி நிற்றல். கண்ணிலிருந்து நீர்மமோ கருநிறத் தசையோ வெளிப்படுதல். இமை ஆழமாகக் கிழிதல். கண் குழிந்து போனதுபோல் தோன்றுதல். இவற்றுள் ஒன்று காணினும், கண்ணின் சுவர் கிழிந்ததாகவே கொண்டு செயற்படுக.

மற்றொரு வகையோ நம்மை ஏமாற்றவல்லது. சம்மட்டியால் உளியை அடிக்கும்போது தெறித்த இரும்புத் துணுக்கு, ஊசிமுனை அளவே இருக்கும். வேகத்தால் கருவிழியைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். சிறு குத்தல் ஒன்றே தோன்றும், வலி தணியும், பார்வையும் முதலில் தெளிவாகவே இருக்கும். ஆனால் உள்ளே தங்கிய இரும்பு துருவேறி, திங்கள் பல கழிந்தபின் விழித்திரையையே அழித்துவிடும். இரும்பை இரும்பால் அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது என்று ஒருவர் சொன்னால், வலி இல்லையென்று விட்டுவிடாது கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் மறவாது கூறுதலும் வேண்டும். உள்ளே இரும்பிருக்கும் என ஐயுற்ற கண்ணைக் காந்த அலைப் படக் கருவியினுள் வைத்தல் ஆகாது.

சிறுவர் காயங்களைப் பற்றித் தனியே கூறல் தகும். கிட்டிப்புள் என்று நாமும் சின்னிதாண்டு என்று கன்னடியரும் வழங்கும் ஆட்டத்தில் பறந்துவரும் புள், வில்லம்பு விளையாட்டு, தீபாவளி வெடி ஆகியவை குழந்தைகள் கண்ணுக்குப் பெரும் பகை. திட்டுவார்களோ என்றஞ்சிக் குழந்தை மறைத்துவிடும். சிவந்த கண்ணுடன் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை அன்பாக வினவுக.

செய்வனவும் தவிர்ப்பனவும்

வெற்றிலையும் சுண்ணாம்பும் இல்லாத தமிழ் மணவிழா இல்லை. அச்சுண்ணாம்பே கண்ணுக்குப் பெரு நஞ்சு. சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை பிதுக்கும்போது அது வெடித்துக் கண்ணில் தெறித்த நிகழ்ச்சிகள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் நிரம்பக் காணப்படும். சுண்ணாம்போ, அமிலமோ, பூச்சி மருந்தோ கண்ணிற் பட்டால், மருத்துவரைத் தேடுவதற்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றே: தண்ணீர்! இமையை நன்கு விரித்து, கிடைத்த தூய நீரால் குறைந்தது அரை மணி நேரம் இடைவிடாது கழுவுக. இமைக்கடியில் ஒட்டிய சுண்ணாம்புத் துகளை ஈரத்துணியின் நுனியால் நீக்குக. அதன்பின் மருத்துவமனைக்கு விரைக. ஓடும் வழியில் கழிந்த பத்து நிமிடம், கழுவாமல் இருந்தமையால், கண்ணையே பறித்துவிடும்.

தூசி விழுந்த கண்ணைக் கசக்காது, நீரில் இமைத்து இமைத்துக் கழுவுக. நாவால் நக்கி எடுத்தலும், முந்தானை நுனியால் துழாவுதலும், தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு முதலியன விடுதலும் அன்பினால் செய்யப்படுவன என்பதை யாம் அறிவோம். நம் பாட்டிமாரின் கைகளில் இருந்தது அன்பு. ஆயினும் கீறிய கருவிழிக்கு அக்கைவழியே கிருமியும் செல்லும். தழையோ பயிரோ கீறிய கண்ணைத் துணியால் இறுகக் கட்டுதலும் நன்றன்று. அன்றைக்கே தாலுகா மருத்துவமனைக்குச் சென்று, சாயமிட்டுப் பார்த்து, களிம்பு பெறுக.

மருந்துக் கடையில் தாமே வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை சிவப்பை ஒரே நாளில் தணிக்கும். நோயாளியும் குணமென்று மகிழ்வார். ஆனால் காளான் கிருமிக்கு அம்மருந்து எருவிட்டது போலாகும். மருத்துவர் சீட்டின்றி எந்தச் சொட்டு மருந்தையும் கண்ணில் விடாதிருத்தல் கடன்.

கண்ணின் சுவர் கிழிந்ததென ஐயுற்றால், கண்ணை அழுத்தலாகாது, கழுவலாகாது, மருந்தும் விடலாகாது. குத்தி நிற்கும் முள்ளையோ கம்பியையோ பிடுங்கவே கூடாது. தூய காகிதக் குவளையின் அடிப்பகுதி போன்ற ஒன்றைக் கண்ணின் மேல் படாதவாறு கவிழ்த்து, அதன் விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் தங்குமாறு ஒட்டுக. தலையை உயர்த்தி அமரச் செய்க. அறுவை வேண்டியிருக்கலாம் ஆதலின் உண்ணக் கொடாதீர். நரம்பிசிவு நோய்த் தடுப்பூசியை மருத்துவமனையில் கேட்டுப் பெறுக.

இரவும் மலைப்பாதையும்

இங்கே நம் ஊர்க்கே உரிய ஒரு செய்தியைக் கூற விழைகிறோம். நோய் என்றால் சொந்த ஊர் நோக்கிப் போதல் நம்மவர் இயல்பு. உறவினர் இருப்பர், மொழி தெரியும், கோயமுத்தூர் மருத்துவமனைகளின் புகழும் பெரிது. ஆனால் பந்திப்பூர்க் காட்டு வழியில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை போக்குவரத்துத் தடை உள்ளது. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை உண்டு. நோயாளர் ஊர்திக்கு விலக்கு அளிக்கப்பட்டிருப்பினும், விடியட்டும் என்று காத்திருப்போரே பலர். அவ்விரவில் கழியும் மணிகள் எத்துணை அருமையானவை என்பதை மேலே காட்டிய பக்தபூர்க் கணக்கு உணர்த்தும்.

ஆதலின், முதல் மருத்துவம் அண்மையில். மேல் மருத்துவம் மைசூரில். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுந்த பயணத்தில் மைசூரின் பெரிய மருத்துவமனைகளை அடையலாம். அவ்வழியில் காடுமில்லை, தடையுமில்லை. கன்னடம் தெரியாதென்று தயங்கும் உடன்பிறந்தார்க்குத் துணை செல்வது சங்கத்தார் கடமை. மொழிக்காகக் கூடிய சங்கம், மொழி தெரியாமையால் ஒரு கண் அழிய விடலாமா?

முடிவுரை

சரபோசி மன்னரின் ஓவிய ஏடு, 1819இன் சென்னை மருத்துவமனை, ரிட்லியின் வில்லை, மதுரையின் ஆய்வு ஆகிய இவையனைத்தும் நம்முன் வைக்கும் முடிவு மிக எளியது. அறிவு வளர்ந்துவிட்டது, மருந்தும் மலிந்துவிட்டது, எஞ்சியிருப்பது நம் விரைவு ஒன்றே.

நம் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். கல் உடைப்போர்க்கும் கதிரடிப்போர்க்கும் விலை குறைந்த காப்புக் கண்ணாடி வாங்கித் தருவோமாக. ஆண்டு விழா தோறும் கண் மருத்துவர் ஒருவரை அழைத்துத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கவுரை நிகழ்த்துவிப்போமாக. இறந்தபின் மண்ணிற்கோ நெருப்பிற்கோ இரையாகும் கண்களை, கருவிழி கெட்டு இருளில் வாழும் ஒருவர்க்கு ஈய உறுதி பூணுவோமாக. கண்ணப்பர் உயிரோடிருக்கையில் கண்ணை ஈந்தார். நம்மிடம் வேண்டப்படுவது அத்துணைப் பெரிதன்று.

செண்டுமல்லி பூத்த வயலைப் பார்த்து மகிழ, அதனை விளைத்த உழவனுக்கும் இரு கண்களும் இருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!